பாடுகிறவனை மீட்கும் கைகள்

கபடியில் கைதட்டல் பெரும்பாலும் பாடிப் போகிறவனுக்கு, அதாவது ரைடருக்குத்தான். நடுக்கோட்டைத் தாண்டி, மூச்சை அடக்கி, ஏழு பேருக்கு நடுவே தனி ஆளாக நுழைந்து, தொட்டுவிட்டுத் திரும்புகிறான். கேமரா அவனோடு போகிறது, அவனோடு வருகிறது. எதிரே கைகோத்து நிற்கிற பிடி ஆட்டக்காரர்களின் பெயர் சட்டென்று யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. காசிமேட்டிலோ எர்ணாவூரிலோ ஒரு டீக்கடையில் நின்று, ‘தமிழ் தலைவாஸ்’ அணியின் ரைடர்கள் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, பவன் செராவத், நரேந்தர் என்று வரிசையாக வரும். வலது கார்னரில் நின்றது யார், கவரில் நின்றது யார் என்று கேட்டால் பேச்சு தடுமாறும்.

ஆனால் 2017-ல் புரோ கபடி லீக்குக்குள் வந்த அந்த அணி அரையிறுதி வரை போனது ஒரே ஒரு முறை, 2022-ல். அந்த ஆண்டு கோடிகள் கொடுத்து வாங்கிய ரைடர் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு வெளியே போய்விட்டார். அணியைத் தாங்கியது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சில பிடி ஆட்டக்காரர்கள். சாகர் ராட்டி, சாஹில் குலியா, மோஹித், ஹிமான்ஷு, நம்மூர் எம். அபிஷேக். இந்த வரிசை எப்படி உருவானது, ஏன் நிலைக்கவில்லை என்பதைப் பற்றி நம் விளையாட்டுப் பக்கங்கள் போதுமான அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். தெருவுக்குத் தெரு பொங்கலுக்குக் கபடி நடத்துகிற வடசென்னைக்கு இந்தக் கதை மற்ற எவரையும்விட நெருக்கமானது.

கபடியை மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள் கவனிக்கத் தவறுகிற ஒரு விதி உண்டு. பிடிபட்ட ரைடர் களத்தைவிட்டு வெளியேறி ஓரமாக உட்கார வேண்டும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் தானாக எழுந்து உள்ளே வர முடியாது. அவருடைய அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால்தான், வெளியே போன வரிசைப்படி ஒருவர் திரும்ப உள்ளே வருவார். ஆக, ஒரு அணியின் முதன்மை ரைடர் பெஞ்சில் இருக்கும் நேரத்தில் எதிராளியை அமுக்கிப் பிடிக்கிறவர்கள் எடுப்பது ஒரு புள்ளி மட்டுமல்ல. வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு உயிரும் கொடுக்கிறார்கள். 40 நிமிட ஆட்டத்தில் நட்சத்திர ரைடர் எத்தனை நிமிடம் களத்தில் இருக்கப்போகிறார் என்பது அவர் தொடையின் வலுவில் பாதிதான். மீதிப் பாதி பின்னால் நிற்கிற ஆறு பேரின் கையில் இருக்கிறது.

இதே உண்மையை அமெரிக்கர்கள் தங்கள் கால்பந்தில் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். அது நாம் காலால் உதைத்து ஆடுகிற கால்பந்து இல்லை. பந்தைக் கையால் எறிந்து, தலைக்கவசத்தோடு மோதி, அடி அடியாக நிலம் பிடிக்கிற ஆட்டம். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்தான் அங்கே நாயகன். அவருக்கு முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், அவர்களுக்கு வெளியே இரண்டு டேக்கிள்கள். பந்தைச் சுமந்து ஓடுவதோ எறிந்த பந்தைப் பிடிப்பதோ இந்த ஐவரின் வேலை இல்லை. எதிரணியின் முரட்டு ஆட்கள் குவார்ட்டர்பேக்கின் மேல் பாயாமல் இரண்டு மூன்று விநாடி தடுத்து நிறுத்துவதுதான் முக்கிய வேலை. தடுத்துவிட்டால் அவர்களை யாரும் பார்க்க மாட்டார்கள். தவறவிட்டால் அரங்கமே பார்க்கும்.

வாஷிங்டன் அணிக்கு 1981-ல் ஜோ கிப்ஸ் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. அந்த ஆண்டின் தடுப்பு வரிசை பெரும்பாலும் புதுப் பையன்களால் ஆனது. அவர்களில் ஜோ ஜேக்கபியை வீரர் தேர்வில் எந்த அணியும் எடுக்கவில்லை. ஜெஃப் பாஸ்டிக்கும் அப்படி விடப்பட்டவர்தான். ரஸ் கிரிம் அந்தத் தேர்வின் மூன்றாவது சுற்றில் வந்தவர். வரிசைக்கென்றே தனியாக இருந்த பயிற்சியாளர் ஜோ பியூகல் இவர்களைப் பிரிக்காமல் வைத்து வேலை வாங்கினார். ‘பன்றிகள்’ என்று செல்லமாகப் பட்டப்பெயரும் வைத்தார். அடுத்த சீசனிலேயே அந்த அணி சூப்பர் பவுல் வென்றது. 1987, 1991 சீசன்களிலும் வென்றது. மூன்று பட்டங்களுக்கும் குவார்ட்டர்பேக் மூன்று வெவ்வேறு ஆட்கள்: ஜோ தைஸ்மன், டக் வில்லியம்ஸ், மார்க் ரிப்பியன். நாயகன் மாறிக்கொண்டே இருந்தார். ஜேக்கபி, கிரிம், பாஸ்டிக் மூவரும் மூன்று முறையும் அணியில் இருந்தார்கள்.

தடுப்பு வரிசை தாக்குகிற அணிக்காக நிற்கிறது, கபடியின் பிடி வரிசை தற்காக்கிற அணிக்காக நிற்கிறது. இந்த வித்தியாசத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டுமே தனி ஆளின் திறமையால் நடக்காத வேலை. பக்கத்தில் நிற்பவன் அடுத்த அரை விநாடியில் என்ன செய்வான் என்று பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டிய வேலை. அது ஒரு மாத முகாமில் வருவதில்லை.

கார்னரும் கவரும்

களத்தின் மொத்த அளவு 13 மீட்டருக்கு 10 மீட்டர். ஏழு பேர் நிற்கிறார்கள். இரண்டு ஓரங்களிலும் பின்தங்கி நிற்பவர்கள் கார்னர்கள். அவர்களையும் நடுவையும் இணைப்பவர்கள் இன், கவர், சென்டர். ஒரு ரைடுக்கு 30 விநாடி. ரைடர் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுக்காகக் காலை நீட்டுகிற அந்தக் கணத்துக்காகக் கார்னர் காத்திருக்கிறார். கணுக்காலைக் கவ்விப் பிடிக்கிறார். ஆனால் கணுக்காலை மட்டும் பிடித்து ஒரு நல்ல ரைடரை நிறுத்திவிட முடியாது. அவர் துள்ளுவார், உதறுவார், பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்வார். அதற்குள் கவர் வந்து தொடையிலோ இடுப்பிலோ சேர வேண்டும். சென்டர் முன்னால் வந்து வழியை அடைக்க வேண்டும்.

இங்கேதான் கபடியின் கொடுமையான கணக்கு வருகிறது. பிடிபட்ட நிலையிலும் ரைடரின் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், அவர்மேல் கை வைத்த அத்தனை பேரும் அவுட். உதவிக்கு ஓடியவன் தாமதமாக ஓடியிருந்தால், ஒரு புள்ளி இழப்பை மூன்று நான்கு புள்ளி இழப்பாக ஆக்கிவிட்டான். முன்கூட்டியே ஓடியிருந்தால் கார்னர் பிடிப்பதற்கு முன்பே ரைடர் உஷாராகி, அவனைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். ஓடாமலே நின்றால் கார்னர் தனியாகச் சாக வேண்டியதுதான். எண்ணூர்க் கரையில் கரைவலை இழுக்கிற இரண்டு வரிசைகளும் ஒரே தாளத்தில் பின்வாங்கவில்லை என்றால் மடியில் மீன் தங்காது. கார்னருக்கும் கவருக்கும் இடையே இருக்க வேண்டியதும் அப்படி ஒரு தாளம்தான்.

கோத்திருக்கிற கைகளுக்கும் வேலை உண்டு. எல்லார் கண்ணும் ரைடரின் இடுப்பின்மேல் இருக்கிறது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் அந்த நொடியில் தொட்டுவிடுவார். எனவே செய்தி கை வழியாகத்தான் போகிறது. ஒரு சின்ன இறுக்கம் என்றால் ‘நான் போகிறேன்’. தளர்வு என்றால் ‘பொறு’. எந்த அழுத்தத்துக்கு என்ன பொருள் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. இரண்டு பேர் நூறு ஆட்டம் சேர்ந்து ஆடினால் அது அவர்களுக்குள் தானாக அமையும். அதில் ஒருவரை ஏலத்தில் விற்றுவிட்டால், வாங்கிய அணிக்கு ஒரு நல்ல ஆட்டக்காரர் கிடைப்பார். அந்தத் தாளம் அவரோடு போகாது. விட்டு வந்த இடத்திலும் இருக்காது.

இளம் பிடி ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு நோய் உண்டு. களத்தில் அதை ‘அட்வான்ஸ் டேக்கிள்’ என்பார்கள். ரைடர் இன்னும் உள்ளே வரவில்லை, நேரம் அவருக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கிறது, சும்மா நின்றாலே போதும். ஆனால் ரத்தம் சூடாக இருக்கிற பையனால் நிற்க முடியாது. பாய்ந்துவிடுவான். பத்தில் மூன்று முறை அது அற்புதமான பிடியாக அமைந்து அரங்கம் எழுந்து நிற்கும். மற்ற ஏழு முறை கொடுத்த புள்ளிகள்தான் ஆட்டத்தைத் தோற்கடிக்கும். நிற்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினமான பாடம். அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மூத்தவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

தலைவாஸ் தந்த பாடம்

தமிழ் தலைவாஸ் தொடங்கிய காலத்தில் பெயர்களை நம்பியது. இந்திய அணித் தலைவராக இருந்த அஜய் தாக்கூரைச் சுற்றி அணி கட்டப்பட்டது. அவர் தன் வேலையைக் குறையின்றிச் செய்தார். ஆனால் 2019-ல், 7-வது சீசனில், அஜய் தாக்கூரோடு ராகுல் சௌத்ரியும் மஞ்சீத் சில்லரும் சேர்ந்து நின்ற அணி 12 அணிகளில் 12-வதாக முடிந்தது. பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில் வந்து உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திய ரசிகர்களுக்கு அது வலித்தது. வயதும் அனுபவமும் பெயரும் இருந்தன, வரிசை இல்லை.

அடுத்த சீசன் கொரோனாவால் தள்ளிப்போய் 2021 டிசம்பரில்தான் தொடங்கியது. ரசிகர்கள் இல்லாமல், பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரே ஹோட்டலில் எல்லா அணிகளையும் அடைத்து வைத்து நடத்தினார்கள். தலைவாஸ் அணி பெரிய நட்சத்திரங்களை விட்டுவிட்டு இளைஞர்களோடு இறங்கியது. மூத்தவர் என்று சொல்ல கவரில் சுர்ஜீத் சிங் இருந்தார். அவரே அணித் தலைவர். வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில். முடிவு பட்டியலில் 11-வது இடம். செய்தித்தாளில் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்தவர்கள் ‘வழக்கம்போல’ என்று பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். ஆனால் 22 ஆட்டங்களில் 6 சமனில் முடிந்திருந்தன. அந்த ஆறில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிடி தூரத்தில் நழுவியது. சாகர் அந்த சீசனில் 82 டேக்கிள் புள்ளிகள் எடுத்தார். அவருக்கு மேலே இருந்தவர் ஈரானின் முகமதுரெசா ஷாத்லூயி மட்டும்தான், 89. சிறுவயதுப் பையன் ஒருவன் அந்த உயரத்துக்குப் போனதற்கு அவன் கை மட்டும் காரணமில்லை. பக்கத்துக் கவரில் சுர்ஜீத் போன்ற ஒரு கல் நின்றதும் காரணம்.

2022 ஆகஸ்ட் ஏலத்தில் அணி மறுபடி பெரிய பெயருக்குப் போனது. பவன் செராவத்துக்கு 2.26 கோடி ரூபாய், அதுவரை லீக் காணாத தொகை. முதல் ஆட்டம் குஜராத்துக்கு எதிராக. ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்த சீசன் அவருக்கு அத்தோடு முடிந்தது. ஆட்டம் 31-31 சமன். நடுவில் பயிற்சியாளரும் மாறினார். உதயகுமார் போய் அஷன் குமார் வந்தார். ஒரு அணி சிதறிப்போவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

சிதறவில்லை. சாகர் அணித் தலைவரானார். பிடி வரிசை முந்தைய ஆண்டு சேர்ந்து ஆடிய பையன்கள் என்பதால் அவர்களுக்கு அறிமுகப் படலம் தேவைப்படவில்லை. ரைடிங்கில் நரேந்தர் என்ற புதுமுகம் கிடைத்தார். முதல் சீசனிலேயே 243 ரைடு புள்ளிகள். அறிமுக வீரர் ஒருவர் அதற்கு முன் அத்தனை எடுத்ததில்லை. அந்த 243-ஐ நான் அவருடைய கணக்கில் மட்டும் எழுத மாட்டேன். அவர் பிடிபட்டு வெளியே போன ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எதிராளியின் கணுக்காலைக் கவ்வி அவரை உள்ளே கொண்டுவந்தார்கள். அனுபவமில்லாத ரைடர் ஒருவர் துணிந்து ஆட முடிந்தது, பிடிபட்டாலும் சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கையால்தான்.

10 வெற்றி, 8 தோல்வி, 4 சமன், 66 புள்ளிகள், ஐந்தாம் இடம். முதன்முறையாக பிளே-ஆஃப். டிசம்பர் 13-ல் உ.பி. யோத்தாஸுக்கு எதிரான எலிமினேட்டர் 36-36 சமனாகி, டை-பிரேக்கரில் 6-4 என்று தலைவாஸ் வென்றது. அந்தக் கட்டத்தில் சாகர் காயத்தால் ஆடவில்லை; அஜிங்க்யா பவார் அணியை நடத்தினார். தலைவரே இல்லாதபோதும் பிடி வரிசை நிலைகுலையவில்லை. இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேரி பல்தனிடம் 39-37 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அந்த இரவு வடசென்னைத் தெருக்களில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த பல வீடுகளில் சாப்பாடு இறங்கியிருக்காது.

அடுத்த சீசனுக்கு அணி நிர்வாகம் சரியானதைச் செய்தது. சாகர், சாஹில், மோஹித், ஹிமான்ஷு, அபிஷேக், நரேந்தர், அஜிங்க்யா எல்லாரையும் தக்கவைத்தது. அதுவரை அந்த அணி எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது அது என்பேன். ஆனாலும் 10-வது சீசனில் 9 வெற்றி, 13 தோல்வி, ஒன்பதாம் இடம். சேர்ந்திருந்தாலே போதும் என்று நினைத்தால் இந்தக் கணக்கு இடிக்கும். என்ன நடந்தது? பையன்கள் பையன்களாகவே இருந்தார்கள். முந்தைய சீசனில் பிடி விழுந்த தைரியத்தில் நிற்க வேண்டிய இடத்திலும் பாய்ந்தார்கள். நெருக்கடியான கடைசி ஐந்து நிமிடங்களில் தேவையில்லாத டேக்கிள்கள் ஆட்டங்களைக் கைநழுவ விட்டன. சுர்ஜீத் போல, கையைப் பிடித்து ‘பொறு’ என்று சொல்லும் ஒரு மூத்த கவர் அந்த வரிசையில் இல்லை. ஒரு வரிசை வளரக் காலம் மட்டும் போதாது. காலத்தோடு கண்டிப்பும் வேண்டும், ஒரே குரலில் அதைச் சொல்லும் பயிற்சியாளரும் வேண்டும். தலைவாஸில் அந்தக் குரல் மாறிக்கொண்டே இருந்தது. உதயகுமார், அஷன் குமார், மறுபடி உதயகுமாரும் அவரோடு சேரலாதனும், அதன் பிறகு சஞ்சீவ் பாலியான்.

பொறுமை தீர்ந்தபோது அணி மறுபடி பழைய வழக்கத்துக்குப் போனது. 2024-ல் ரைடர் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. பிடி வரிசைக்கு, ஒரே சீசனில் 100 டேக்கிள் புள்ளிகளைத் தொட்ட முதல் ஆட்டக்காரரான நிதேஷ் குமாரைக் கொண்டுவந்தார்கள். அவர் அருமையான வலது கார்னர், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் மூன்று சீசன் வளர்த்த வரிசையின் ஒரு முனையில் புது ஆள் வந்தால் மறுமுனை வரை எல்லாரும் மறுபடி பழக வேண்டும். அந்த ஆண்டும் பிளே-ஆஃப் இல்லை.

காத்திருந்தவர்கள் என்ன பெற்றார்கள் என்பதை வேறு இரண்டு அணிகளில் பார்க்கலாம். ஹரியானா ஸ்டீலர்ஸ் அணியில் ஜெய்தீப் தஹியாவும் மோஹித் நந்தலும் 8-வது சீசனில் ஒன்றாக அறிமுகமானவர்கள். இருவரும் கவர்கள். அந்த ஜோடியை அணி அடுத்தடுத்த சீசன்களிலும் சேர்ந்தே ஆடவைத்தது. பிறகு ராகுல் சேத்பால் வலது கார்னராக வந்து சேர்ந்தார். 10-வது சீசனில் இறுதிப் போட்டியில் தோல்வி. 11-வது சீசனில், 2024 டிசம்பர் 29 அன்று, பாட்னா பைரேட்ஸை 32-23 என்று வீழ்த்திக் கோப்பை. அதை உயர்த்திய தலைவர் ஜெய்தீப், ஒரு பிடி ஆட்டக்காரர். மறுபக்கம் புனேரி பல்தன். ‘யுவா பல்தன்’ என்று இளையவர்களுக்கான பயிற்சி ஏற்பாட்டை வைத்து, அங்கிருந்து ஆட்களை மேலே கொண்டுவந்த அணி. 2024 மார்ச் 1 அன்று ஹரியானாவை 28-25 என்று வென்று முதல் பட்டம் பெற்றது. அந்த அணியின் வலது கவரில் நின்றவர் அபினேஷ் நடராஜன். தமிழ்நாட்டுப் பையன். வலது கார்னர் கௌரவ் கத்ரிக்குப் பக்கத்தில் சீசன் சீசனாக நின்று அந்தப் பக்கத்தைப் பூட்டிவைத்தவர். சென்னையைச் சொந்த மண்ணாகக் கொண்ட தலைவாஸ் அணியில் நின்றிருக்க வேண்டிய ஒரு கவரை புனே கண்டுபிடித்து, வளர்த்து, விடாமல் வைத்துக்கொண்டது. எனக்கு அபினேஷைப் பார்க்கும்போதெல்லாம் பெருமையும் ஆதங்கமும் சேர்ந்தே வருகின்றன.

வடசென்னையிடம் இருப்பது

வடசென்னைக்கு விளையாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குத்துச்சண்டைப் பரம்பரைகள் இங்கேதான் வளர்ந்தன. வியாசர்பாடியின் சந்துகளிலிருந்து நந்தகுமார் சேகர் இந்தியக் கால்பந்து அணி வரை போனார். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவுக்குப் போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் கொண்டுவந்தார். கபடியும் இங்கே பரவலாக ஆடப்படுகிறது. பொங்கலுக்கு, அம்பேத்கர் பிறந்தநாளுக்கு, கோயில் திருவிழாவுக்கு. ராத்திரி ஃபோகஸ் லைட் கட்டி விடிய விடிய நடக்கும் ஆட்டங்களில் ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரை டீம்கள் வரும்.

இந்த டீம்களில் இருக்கிற ஒரு செல்வம் கோடி ரூபாய் ஏலத்தில் கிடைக்காதது. ஒரே தெருவில் வளர்ந்த ஏழு பேர், எட்டு வயதிலிருந்து சேர்ந்தே ஆடியிருப்பார்கள். கார்னர் யார், கவர் யார் என்பது பள்ளி நாட்களிலேயே முடிவாகியிருக்கும். ஒருவன் ஹார்பரில் கன்டெய்னர் லோடுக்குப் போவான், ஒருவன் மணலியில் கான்ட்ராக்ட் வேலைக்கு, ஒருவன் அப்பாவோடு போட்டில். ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் எல்லாரும் மண்ணுக்கு வந்துவிடுவார்கள். பத்து ஆண்டு சேர்ந்து பிடித்த கைகள் அவை. ஒரு தொழில்முறை அணி பல சீசன் செலவழித்துக் கட்டப் பார்க்கிற தாளம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

முன்பு இதைப் புரிந்துகொண்ட நிறுவனங்கள் இருந்தன. ஐ.சி.எஃப்., ரயில்வே, மின்வாரியம், காவல்துறை போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்களை எடுத்து, வேலையும் கொடுத்து, ஒரே டீமாகப் பல ஆண்டு ஆடவைத்தன. மாதச் சம்பளம் இருந்ததால் கார்னரும் கவரும் பிழைப்புக்காகப் பிரியவில்லை. லீக் வந்து பணத்தைக் கொண்டுவந்தது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். 2018 ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடி ரூபாய்க்குப் போனவர் ஈரானின் ஃபசல் அத்ராசலி, இடது கார்னர். பிடிக்கிறவனுக்கும் விலை உண்டு என்று அந்த நாள் நிரூபித்தது. ஆனால் ஏலம் தனி ஆளுக்குத்தான் விலை போடுகிறது. ஜோடிக்குப் போடுவதில்லை.

நம் பையன்களுக்கு முதல் தடை மேட். லீக் ஆட்டம் முழுக்க மேட்டில், ஷூ போட்டுக்கொண்டு. மண்ணில் வெறுங்காலோடு பிடித்துப் பழகியவனுக்கு அங்கே எல்லாம் மாறிவிடும். மண்ணில் ரைடரின் கால் சறுக்கும், கார்னருக்கு அது கூடுதலாக ஒரு கணம். மேட்டில் ஷூ ஒட்டிக்கொள்ளும், ரைடர் நின்ற இடத்திலிருந்தே திரும்பிவிடுவார், அந்தக் கணம் கிடைக்காது. ரைடரை மோதித் தள்ள டேஷ் அடித்து விழுகிற விதமே வேறு. தேர்வு முகாமுக்குப் போகிற நாளில்தான் பலர் மேட்டை முதல்முறை மிதிக்கிறார்கள். அதுவும் தனியாக, தெரியாத ஆறு பேரோடு கைகோத்து. ரைடருக்கு அது பெரிய பாதகம் இல்லை. அவன் திறமை தனியாகவே தெரியும். கார்னரின் திறமை பக்கத்தில் அவனுடைய கவர் இல்லாமல் எப்படித் தெரியும்?

இரண்டாவது தடை இடம். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற நீளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பகுதியில் காலி நிலம் யாருக்காக ஒதுங்குகிறது என்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் கரையோரம் அமோனியா கசிந்து மக்கள் வீடுகளைவிட்டு ஓடினார்கள். நேரு அரங்கில் தலைவாஸின் சொந்த மண் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்த வாரம் அது. அப்படி ஒரு மாதத்தில் எந்த டீம் பயிற்சிக்கு இறங்கும்? தொடர்ச்சி என்பது வரிசைக்கு உயிர். இந்த ஊரில் அந்தத் தொடர்ச்சியை அறுக்கப் பல விஷயங்கள் காத்திருக்கின்றன.

முடியாத காரியம் இல்லை என்பதற்கு நகரத்தின் மறுமுனையில் ஒரு சான்று இருக்கிறது. நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் வாழும் கண்ணகி நகரில் பெண் பிள்ளைகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கபடி பழகினார்கள். அங்கிருந்து போன கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் துணைத் தலைவர். அவரைத் தனி அதிசயமாகப் பாராட்டுகிறவர்கள், அவர் தினமும் எதிர்த்து ஆடிப் பழகிய சக பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டம்தான் அவரைச் செதுக்கியது.

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ கூரை போட்ட ஒரு கூடத்தில் இரண்டு மேட் விரித்து, ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக இரவு பத்து மணி வரை விளக்கை எரியவிட்டால் போதும். முதல் தடை பாதி நீங்கும். துறைமுகங்களும் இந்தப் பகுதியின் பெரிய ஆலைகளும் மனது வைத்தால் ஆகக்கூடிய செலவுதான். முதலமைச்சர் கோப்பைக்கு வருகிற டீம்களைப் பார்க்கத் தேர்வாளர்கள் போகிறார்கள். அடுத்த முறை போகும்போது அதிகப் புள்ளி எடுத்த ரைடரின் பெயரைக் குறித்துக்கொண்டு எழுந்துவிடாமல், கடைசி ஆட்டம் வரை உட்கார்ந்து பிடி வரிசையைப் பார்க்கட்டும். எந்தக் கார்னர் பிடித்ததும் எந்தக் கவர் பார்க்காமலே வந்து சேர்கிறான் என்று கவனித்து, அந்த இரண்டு பேரையும் ஒரே பேருந்தில், ஒரே முகாமுக்கு, ஒரே அணிக்கு அழைத்துப் போகட்டும்.